வராத மிஸ்டு கால்

பட்டாசுப் பெட்டி ஒட்டுவதற்கு இரண்டு கை போதும். பேச்சுத் துணைக்குத்தான் இன்னோர் ஆள் வேண்டும். ரோஜாவுக்கு அந்த ஆள், பசை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கும் போன்தான். காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஏழாயிரம்பண்ணை பக்கமாகப் போய் முடிந்து தெரு காலியானதும், அட்டைக் கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்வாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துச் சிரிப்பாள்.

"வணக்கம் உறவுகளே! சாப்ட்டீகளா? உங்க ரோஜா இன்னைக்கும் பெட்டி ஒட்ட உக்காந்துட்டா."

உறவுகள் என்றால் யார் யாரோ. சேலத்தில் ஒருவர், குவைத்தில் ஒருவர், முகத்துக்குப் பதிலாகச் சிங்கப் படம் வைத்திருக்கும் ஒருவர். நேரில் வந்து நின்றால் ஒருவரையும் அடையாளம் தெரியாது. ஆனாலும் "சாப்பிட்டேன் அக்கா" என்று அவர்கள் பதில் போடும்போது ரோஜாவுக்கு வயிறு நிறைந்ததுபோல இருக்கும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. புருஷன் கண்ணுச்சாமி லாரி டிரைவர். சீசன் வந்துவிட்டால் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவான். போனில் பேசினால், "சாப்ட்டியா? கேஸ் வந்துருச்சா? சரி, வைக்கேன்" என்பதோடு குடும்பம் நடத்தி முடித்துவிடுவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. அந்த வீட்டில் மிக்சி ஓடினால்கூட யாரோ வந்திருப்பதுபோல இருக்கும். தனிமை என்பது அப்படிப்பட்ட வியாதி. மருந்து என்று எதை நீட்டினாலும் வாங்கிக் குடிக்கச் சொல்லும்.

முதலில் அவள் போட்டதெல்லாம் பெட்டி ஒட்டும் வீடியோதான். அட்டையை மடக்கி, பசை தடவி, தட்டி எறியும் கை வேகத்தைக் கொஞ்சம் பேர் பார்த்தார்கள். அப்புறம் கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. கூட்டம் சேர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதற்கென்றே போனுக்குள் ஒரு வாத்தியார் கூட்டம் உண்டு. அவர்களிடம் ரோஜா பாடம் படித்தாள். தினமும் போடு. ஓடுகிற பாட்டைப் போடு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மூன்று நொடிக்குள் ஆளைப் பிடித்துவிடு. இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் கண்ணுச்சாமி பேச்சின் பாதியில் போனை வைத்துவிட்டான். அந்த ஆத்திரத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டே அழுதாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, அதையும் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால், கை வேகத்துக்கு வராத கூட்டம் கண்ணீருக்கு வந்து நின்றது. "அழாதீங்க சகோதரி, நாங்க இருக்கோம்" என்று எத்தனை பேர்! அன்றைக்கு ரோஜா ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டாள். அது தப்புக் கணக்கு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேலத்தெரு ஜெயக்கொடி இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. புருஷன் இறந்தபின் ஒரே மகன் பிராங்க்ளினை வளர்த்து, மதுரையில் ஒரு பைக் ஷோரூமில் சேர்த்துவிட்டிருந்தாள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கினால் நேரே ரோஜா வீட்டுக்கு வருவாள். தானே அடுப்பைப் பற்றவைத்து இரண்டு டம்ளரில் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே தானும் நாலு பெட்டி ஒட்டுவாள்.

அந்த வழக்கம் தேய்ந்துபோனது ரோஜாவால்தான். ஒரு சாயங்காலம் ஜெயக்கொடி வந்து உட்கார்ந்து, "ரோஜா, பிராங்க்ளின் முகமே சரியில்லடி. ஊருக்கு வந்தா பேச மாட்டேங்கான்" என்று ஆரம்பித்தாள்.

"இருங்கக்கா, லைவ்ல இருக்கேன்" என்றாள் ரோஜா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெயக்கொடி கொஞ்ச நேரம் இருந்தாள். அவளுடைய டீ ஆறியது. அதன்பிறகு அவள் வருவது குறைந்து, பின்பு நின்றேவிட்டது. வேன் சத்தம் கேட்கும்போது மட்டும் ரோஜா வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். உடனே போனை எடுத்து வீடியோவுக்கு எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

அப்படி இருக்கையில்தான் அந்த வெடிச்சத்தம் கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கதவும் பாத்திரமும் ஒருசேர அதிர்ந்தன. தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தார்கள். கிழக்கே, கண்மாய்க்கு அப்பால் வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. புகை எழும் திசையை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்லத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. அப்படிச் சொல்லித் தப்பாய்ப் போகாதவர்களும் இல்லை. அதனால்தான் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சத்தம் கேட்டதும் அவரவர் தம் ஆளுக்குப் போன் போடுவார்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாப் போனும் வாசல் கேட்டில் ஒரு மரத்தட்டில் கிடக்கும், எடுக்க ஆள் இராது. தெரிந்தும் போடுவார்கள். ஆனால் வேன் திரும்பி வந்து ஆள் இறங்கும்வரை ஒருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "கும்பிட்ட சாமி காப்பாத்தணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தெருவே போனைக் காதில் வைத்திருந்தது. ரோஜா முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

புகை ஜெயக்கொடியின் கம்பெனி இருக்கும் இடத்தில்தான் தெரிந்தது. ரோஜாவுக்கு அழுகை பொங்கியது. அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அழுதுகொண்டே, புகை தன் தலைக்குப் பின்னால் விழும்படி இரண்டடி தள்ளி நின்றாள் பாருங்கள், அங்கேதான் அவள் மோசம் போனாள்.

"உறவுகளே, என் ஜெயக்கொடி அக்கா போயிட்டாக! எங்க ஊரு அக்கா, எனக்கு டீ போட்டுத் தந்த அக்கா, அந்தா தெரியுதே புகை, அதுக்குள்ளதான் இருந்தாக. போயிட்டாகளே!"

வாத்தியார்கள் சொன்னபடி, முதல் மூன்று நொடிக்குள் ஜெயக்கொடி செத்துப்போனாள்.

தெருக்கோடியில் நின்ற சோலையம்மாள் பதறிப்போய், "ஏ ரோஜா, வாயக் கழுவுடி! வேன் வரட்டும்" என்று கத்தினாள். அந்தக் கத்தலும் வீடியோவில் பதிவாகி, பார்த்தவர்களை இன்னும் உருக்கியது. "ஆழ்ந்த இரங்கல்" என்ற வார்த்தை மழைபோல விழுந்தது. ரோஜா மாதக்கணக்கில் ஏங்கிய கூட்டம் ஒரு மதியத்துக்குள் வந்து சேர்ந்தது. அழுத கண்ணோடேயே அந்த எண் ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வேன் வந்தது. ஜெயக்கொடி இறங்கினாள்.

வெடித்தது பக்கத்துக் கம்பெனி. இடையில் ஒரே ஒரு தரிசுக் காடு. ஊரிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வெடிமருந்து காயவைத்த ஷெட் போயிருந்தது. இரண்டு பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. ஜெயக்கொடியையும் மற்றவர்களையும் பின்பக்கமாகக் காட்டுக்குள் கூட்டிப்போய் வெகுநேரம் உட்காரவைத்திருந்தார்கள்.

ரோஜா, "அக்கா!" என்று ஓடினாள். ஜெயக்கொடி அவளைத் திரும்பியும் பார்க்காமல், அவளுக்காகக் காத்து நின்ற ஆட்டோக்காரன் முனியராஜின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் உதடு மட்டும் ஏதோ ஜெபம் செய்துகொண்டிருந்தது. முனியராஜ்தான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான்.

"ஒன் வீடியோவ ஷோரூம்ல யாரோ பிராங்க்ளின்ட்ட காட்டிருக்கான். அம்மாவுக்குப் போன் போட்டுப் பாத்துருக்கான், எடுக்கல. பைக்க எடுத்துட்டுப் பறந்து வந்தவன் கள்ளிக்குடி தாண்டி லாரில மோதிட்டான். விருதுநகர் ஆஸ்பத்திரில கெடக்கான்."

ஆட்டோ போனபின் தெரு அப்படியே நின்றது. யாரும் ரோஜாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். ரோஜா அங்கேயே நின்று வீடியோவை அழித்தாள். அழித்து என்ன செய்ய? அதற்குள் யார் யாரோ எடுத்து, சோகப்பாட்டைச் சேர்த்து, தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவள் பெற்ற பொய் அவள் கையை விட்டுப்போய் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தது. "நாங்க இருக்கோம்" என்று எழுதிய அத்தனை பேரில், எழுந்து வந்து இந்தத் தெருவில் அவள் பக்கத்தில் நிற்க ஒருவர்கூட இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிராங்க்ளினுக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். நடப்பான், நாளாகும் என்றார்கள். வார்டு வாசல் பெஞ்சில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ரோஜா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வேணும்னு செய்யலக்கா. புகை ஒங்க கம்பெனிப் பக்கமா இருந்துச்சா…"

"புகையப் பாத்து நானுந்தான் எம்புட்டோ தடவ தப்பா நெனச்சிருக்கேன். அதுக்கா கோவப்படுதேன்?" ஜெயக்கொடி தன் போனை எடுத்து நீட்டினாள். "சாயங்காலம் கேட்டுல இதக் கையில வாங்குனேன். பாரு, அம்புட்டும் மிஸ்டு கால். இது எங்க அக்கா மக ஆஷ்லின். இது எங்க சர்ச்சுப் பாஸ்டர் ஐயரு வீடு. இது தண்ணி தெறந்துவிடுற பெத்தணன். கொளாய்ச் சண்டைக்கப்புறம் அவன்கிட்ட நான் பேசுறதே இல்ல, அவனும் அடிச்சிருக்கான். இது எம்புள்ள. எத்தன தடவ அடிச்சிருக்கான் பாரு. இதுல ஒம்பேரு எங்கடி?"

ரோஜா அந்தத் திரையைப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை.

"போனு கேட்டுல கெடக்கும், எடுக்க மாட்டீகன்னு…"

"கேட்டுல கெடக்குன்னு இவுகளுக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான அடிச்சிருக்காக. எடுக்கணும்னா அடிக்காக? மனசு கேக்காமத்தான் அடிக்காக." ஜெயக்கொடி நீட்டிய போனை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் செத்துட்டேன்னு ஊரு ஒலகத்துக்கே சொன்னியே ரோஜா, எனக்கு ஒரு போனு போட்டியா?"

ரோஜாவுக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை நாள் கேமராவுக்கு முன்னால் அழுது செலவழித்தது, வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை.

அப்போது பக்கத்து வார்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண் ரோஜாவை உற்றுப் பார்த்துவிட்டு நெருங்கினாள்.

"அக்கா, நீங்க பெட்டி ரோஜா அக்காதான? நேத்து ஒங்க வீடியோ பாத்து ரொம்ப அழுதேன்க்கா. பாவம், அந்த அக்கா. ஒரே ஒரு செல்ஃபி எடுத்துக்கிறேன்க்கா."

தன்னை ஒருவர் இப்படி அடையாளம் கண்டு பேச வேண்டும் என்று ரோஜா எத்தனை நாள் கனவு கண்டிருப்பாள்! இன்றைக்கு அது வந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெல்ல ஜெயக்கொடி பக்கம் கையைக் காட்டினாள்.

"செத்துப்போனவுக இவுகதாம்மா."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீட்டிய போனைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தாள்.

ஜெயக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இந்தப் பிள்ளைக்கு மட்டும் சொன்னாப் பத்துமா?"

ரோஜா எழுந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து போனை முகத்துக்கு முன்னால் பிடித்தாள். தலையைக் கோதவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை, பாட்டுச் சேர்க்கவில்லை. இதைப் பார்க்கப் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் பேசினாள்.

"ஜெயக்கொடி அக்கா உசுரோட இருக்காக. நான் சொன்னது பொய். விசாரிக்காமச் சொன்னேன், அதனால அவுக மகன் காலொடிஞ்சு உள்ள கெடக்கான். இதப் பாத்துட்டு என்னை விட்டுப் போறவுக போங்க. ஆனா போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கோங்க. என்னைப் பாக்க ஆயிரம் பேரச் சேக்கணும்னு அலைஞ்சேன். என்னைத் தேடி வந்த ஒருத்திக்கு மூஞ்சி குடுத்துப் பேசல. ஒருத்தருக்கு ஏதோ ஆயிருச்சின்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, ஊருக்குச் சொல்லாதீக. மொதல்ல அவுகளுக்கு ஒரு போனு போடுங்க. எடுக்காட்டியும் போடுங்க. நம்ம பேரு அவுக போன்ல இருக்கணும்."