செத்த நேரம்

"கை எறங்க மாட்டேங்கு" என்றான் ஜெபதுரை.

அத்தானுக்கு வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டையும் மாட்டியாயிற்று. இடது கை சொன்னபடி கேட்டு நெஞ்சின் மேல் வந்துவிட்டது. வலது கை மட்டும் முழங்கையில் மடங்கி, விரல்கள் விரிந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஜெபதுரை மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அமுக்கிப் பார்த்தான். அது அசையவில்லை.

"வெந்நியில துணிய நனைச்சு ஒத்தடம் குடு. எளகும்" என்றாள் அடுத்த வீட்டு வேலுத்தாய்.

"வேண்டாம்ல, விட்ரு" என்றாள் தங்கபாய்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் அழவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை இதே கையைக் கண்மாய்க் கரையிலும் பார்த்திருந்தாள். அது அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன் தேவஇரக்கம் ராஜபாளையத்து நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் பிட்டராக இருந்தவர். மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் அங்கே வாய்க்கு வேலையில்லை, எல்லாம் கைதான். விரலைச் சுழற்றினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். நெற்றியைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். விரல்களை விரித்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால், செத்த நேரம் பொறு. அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. வீட்டில் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். கத்திச் சொன்னால் சாப்பிட வாங்க என்பதும் சண்டை போலத்தான் தெருவுக்குக் கேட்கும். அதனால் தங்கபாயும் மில் கையையே கற்றுக்கொண்டாள்.

ஷிப்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் அவர் பெரியகுளம் கண்மாய்க்குப் போவார். கரையில் ஒரு கருவேல மரம் உண்டு. அதில் சாய்ந்து உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பார். எதற்கு என்று ஒரு தடவை கேட்டாள். "அங்க யாரும் கத்த வேண்டாம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பரிபூரணத்தைப் பார்க்கத் தேவதானத்திலிருந்து எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அவர் ஒன்பது மணிக்கு, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். கூழைக்கடா கூட்டம் ஒன்று புதிதாக இறங்கியிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னார். வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். அவர்கள் தெரு முனையைத் தாண்டுமுன்பே தங்கபாய் கத்தினாள்:

"அந்தக் கண்மாயிலயே கெடக்க வேண்டியதுதான? வீடு என்னத்துக்கு?"

அன்றைக்கு அவர் என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை. அது அவர் காதில் விழுந்துவிட்டது. பிறகு நாலு நாள் பேச்சும் இல்லை, கையும் இல்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அவள் தூக்குவாளியில் காபியை ஊற்றிக்கொண்டு, தூங்குகிற மகளை எழுப்பாமல் கிளம்பினாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்மாய்க்குப் போனாள். பனி இறங்கியிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் மரத்தில் சாய்ந்து, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடக்கிய முழங்காலின் மேல் வலது கை, விரல்கள் விரிந்து கிடந்தது.

செத்த நேரம் பொறு என்கிறார். அப்படித்தான் நினைத்தாள். இருபதடி தள்ளி நின்றவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. சின்னதாக ஒன்று தலையை உள்ளே விட்டு மூழ்கியது. முக்குளிப்பான். அவர் சொல்லிச் சொல்லி அந்த ஒரு பெயர் மட்டும் அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் எழும் என்று மனதுக்குள் ஓர் இடத்தைக் குறித்தாள். அது வேறெங்கோ எழுந்தது. மறுபடி மூழ்கியது, மறுபடி குறித்தாள். நாமக்கோழிகள் அல்லியிலைகளுக்கு நடுவே எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அவர் திரும்பவில்லை. நான் வந்தது தெரிந்துதான் கை காட்டினார், கோபம் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்போது குழாயில் தண்ணீர் வருகிற நேரம் நினைவுக்கு வர, தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு, சருகு மிதிபடாமல் பார்த்து நடந்து திரும்பினாள்.

"இது அவியளோடதுதான தாயி?"

வாசலில் ராக்கப்பன் நின்றார். கண்மாயில் மீன் காவல் அவருக்கு. அவர்தான் எட்டு மணிக்குத் தகவல் கொண்டுவந்தவர். இப்போது கையில் தூக்குவாளி இருந்தது. "கரையில தள்ளி இருந்துச்சு. காபி அப்படியே இருக்கு, ஒரு வாய் குடிக்கல பாருங்க" என்று அதைச் சுவரோரம் வைத்தார். ஜெபதுரையிடம் சொன்னார்: "ஏழு மணிக்குத் தாண்டிப் போகையில கும்பிடு போட்டேன். பதில் இல்ல. எப்பவும் அப்படித்தான். வாயத் தெறந்தா விரட்டுவாவ, ஏலே ராக்கப்பா, நாமக்கோழி கலைஞ்சிரும், அங்கிட்டு போலேன்னு. எட்டாச்சு, எந்திரிக்கல. அப்பத்தான் பக்கத்துல போனேன்."

மூன்று மணிக்கு, சபையில் மணியடித்துக் கணக்கெழுதுகிற கோயில்குட்டி அடக்க ரிஜிஸ்தரோடு வந்தார். பெயர், வயது, தொழில் எல்லாம் ஜெபதுரை சொன்னான். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு தங்கபாயைப் பார்த்தார்.

"செத்த நேரம் எம்புட்டும்மா?"

"செத்த நேரந்தான் இருந்தேன்" என்றாள் தங்கபாய். "அரை மணி இருக்கும்."

கோயில்குட்டி விழித்தார். வேலுத்தாய் அவள் தோளைத் தொட்டாள். "ஏட்டி, அவரு உசிரு போன நேரத்தக் கேக்காவ."

"டாக்டர் வந்து பாத்தாரு" என்றான் ஜெபதுரை. "போயி நாலு மணி நேரமாவது இருக்கும்னாரு. அப்ப மணி ஒம்பதரை. அஞ்சரைன்னு போடுங்க."

பேனா தாளில் இறங்கியது.

"ஏழு" என்றாள் தங்கபாய்.

"அக்கா, டாக்டரு..."

"ஏழுன்னு எழுதுங்க."

அவள் குரலில் சத்தம் இல்லை. கோயில்குட்டி இருவரையும் பார்த்தார். பிறகு ஏழு என்று எழுதி, எழுத்தின் மேல் ஊதினார்.

நாலரைக்குப் பாட்டு முடிந்தது. சபை ஐயர் ஜெபம் பண்ணி நகர்ந்தார். பரிபூரணத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மில்லிலிருந்து வந்த மாரிச்சாமி பெட்டி மூடியின் ஒரு முனையையும், சபைப் பையன் ஒருவன் மறு முனையையும் தூக்கினார்கள். பெட்டிக்குள் அந்தக் கை இன்னும் அப்படியே நின்றது. மல்லிகை மாலை அதன் மேல் தங்கி இரண்டு பக்கமும் வழிந்திருந்தது.

"மூடிரலாமாக்கா?" என்றான் ஜெபதுரை.

தங்கபாய் வலது கையைத் தூக்கினாள். விரல்களை விரித்தாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அமுக்கினாள்.

ஜெபதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் மூடியோடு ஓர் அடி முன்னால் வந்தான். மாரிச்சாமி நகரவில்லை. பையனைப் பார்த்துத் தலையசைத்து, மூடியைத் திருப்பி, தூக்குவாளிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தார்.