குப்பை லாரியின் பின்னால் ஒரு நேர்காணல்

ஜியாயீ நகரத்து இலவமரச் சேவைச் சங்கத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேர்ந்த அன்றே தொழிலைப் பார்த்து ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள். குழாய் வியாபாரி என்றால் குழாய். பல் வைத்தியர் பல். சோயா சாஸ் ஆலை நடத்துகிறவர் சோயா. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால், இது யார் வீட்டுக் கல்யாணம் என்று ஆளாளுக்கு விழிப்பார்கள்.

வெளியாருக்கு அந்தப் பாக்கியம் கிட்டாது. சங்கம் தன் செலவில் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. தேர்வானதும் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். போன வருஷம் வயலின் படிக்க வியன்னா போன பெண்ணுக்கு நரம்பு என்று பெயர். இதெல்லாம் லியாவ் பெய்-யூவுக்குத் தலைகீழ்ப் பாடம். சங்கத்தின் இணையப் பக்கத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கடல் உணவு விடுதியின் மாடியறையில், வட்ட மேசைக்கு அந்தப்பக்கம் குழாயும் பல்லும் சோயாவும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப்பக்கம் அவள். அன்றைய கடைசி ஆளும் அவள்தான். கோபன்ஹேகனில் அவளுக்கு இடம் கிடைத்தாகிவிட்டது. பணத்துக்கு வழி சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் அப்பா ஓட்டுவது வான்கோழிச் சோற்றுக் கடை. எத்தனை வான்கோழி உரித்தாலும் டென்மார்க் எட்டாது.

சங்கத் தலைவர் குழாய், பெயருக்குப் பொருந்தாத பெருத்த உடம்புக்காரர். எதிரிலிருந்த வெண்கல மணியை அடித்துத் தொடங்கிவைத்தார்.

"விதியச் சொல்லிடறேன்மா," என்றார் பல். கண்டிப்பான அம்மாள். "ஒரு மணி அடிச்சாச்சு. முடியறப்ப இன்னொண்ணு அடிப்போம். நடுவுல எழுந்து போனா அதோட சரி. போன வருஷம் ஒரு பையன் போன் பேச வெளிய போனான். இன்னும் உள்ள வரல."

பெய்-யூ தலையாட்டினாள். எழுந்து போக அவளுக்கு என்ன வந்தது? இதற்காகத்தானே புதன்கிழமையாகக் கேட்டு வாங்கினாள். புதன்கிழமை இந்த ஊரில் குப்பை லாரி வராது.

விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த சேவையே அந்த லாரியைப் பற்றியதுதான். இரண்டு சந்து தள்ளி, லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடம். குடியிருப்பவர்கள் எல்லாம் கிழடு தட்டியவர்கள். லாரியோ பாட்டுப் பாடிக்கொண்டு வரும், மூச்சுவிடும் நேரம் நிற்கும், போய்விடும். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டு வரவும் முடியாது, கையோடு கொண்டுபோய்ப் போட்டால்தான் உண்டு. மூட்டு வலிக்காரர்கள் அந்தப் பாட்டோடு எங்கே போட்டி போடுவது? அதனால் பாட்டு கேட்டதும் பெய்-யூ ஓடுவாள், மாடி மாடியாக ஏறிப் பைகளை இறக்குவாள்.

"நல்ல காரியம்," என்றார் பல். "ஆனா நீ டென்மார்க் போயிட்டா அந்த வேலைய யாரு பாப்பா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் கண்ணாடி முன் நின்று பதில் ஒப்பித்திருந்தாள். இளைஞர் குழு அமைக்கப்பட்டுள்ளது, சுழற்சி முறையில் என்று தொடங்கும். அமைக்கப்பட்ட குழு எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். அவள் வாயைத் திறந்தாள்.

தூரத்தில் பாட்டு கேட்டது.

"புதன்கிழமையும் வந்துட்டானே பாவி," என்று கீழே விடுதிக்காரி அலறினாள். வாளிகள் உருண்டன.

புயலுக்காக இரண்டு நாள் லாரி ஓடவில்லை. விட்ட நடைக்கு ஈடாகப் புதன்கிழமை வரும் என்று நகராட்சி எல்லார் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பித்தான் இருந்தது. விடுதிக்காரியைத் தவிர ஊரே படித்தது. பெய்-யூவோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

நாலாம் மாடி துவான் தாத்தா பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவள் வரவில்லை என்றால் தாமே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அப்படி ஒரு தடவை இறங்கித்தான் முட்டியை உடைத்துக்கொண்டார். அறுவை முடிந்து தையல் பிரித்தே நாலு நாள்தான் ஆகிறது.

"மன்னிச்சிருங்க. நான் போகணும்."

"எழுந்தா அதோட சரின்னு இப்பத்தான சொன்னேன்," என்றார் பல்.

"தெரியும் டாக்டரம்மா."

தெரிந்தேதான் எழுந்தாள். கோபன்ஹேகன் கண்ணெதிரே கை நழுவிப் போனது. ஆனால் கால் நிற்கவில்லை. குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் பாய்ந்தாள்.

சந்து திரும்பும்போது பின்னால் தொம் தொம் என்று சத்தம். குழாய் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வெண்கல மணி, அது அடித்துவிடாதபடி அதன் நாக்கை மறு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஓடும்மா, ஓடு. நான் இன்னும் மணி அடிக்கல."

"இது விதியில இல்ல," என்று அவருக்குப் பின்னால் பல் கத்திக்கொண்டே வந்தார்.

"நேர்காணல விட்டு அவ எங்க போனா? நேர்காணல்தான் அவ கூடவே ஓடுதே."

பல் தலையில் அடித்துக்கொண்டார். ஓடினார். சோயா மட்டும் எழவில்லை. சூப் ஆறிவிடுமாம்.

பயந்தபடியே ஆயிற்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் துவான் தாத்தா ஒரு கையால் சுவரையும் மறு கையால் மீன் குடல் நாறும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஊன்றுகோல் கக்கத்தில் தொங்கியது. முட்டி நடுங்கியது.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன். இன்னிக்கு உனக்குப் பெரிய பரீட்சையாமே."

"பரீட்சைதான் தாத்தா. பின்னாடியே ஏறி வருது, பாருங்க."

குழாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மணியைத் தாத்தாவின் கையில் திணித்தார். "சத்தம் வராம பிடிச்சுக்கங்க பெரியவரே. மேல யாரும்மா?"

"மூணாம் மாடில சாய் அக்கா. ரெண்டு பை, ஒரு சோத்துக் கழிவு வாளி. வாளிய ஆட்டாம தூக்கணும் ஐயா."

அவர் ஆட்டினார். மூன்று நாள் புளித்த சோறும் சாறும் அவருடைய கால்சட்டையில் வழிந்தன. சாய் அக்கா வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். "புது ஆளா? கத்துக்குவாரு, விடு," என்றார்.

ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு பையோடு பல் இறங்கினார். இறங்கும்போதும் வாய் ஓயவில்லை. "டென்மார்க்குல என்ன படிக்கப்போற?"

"லிஃப்ட் வைக்க முடியாத கட்டடத்துல வயசானவங்க எப்படி வெளிய வந்து போறதுன்னு," என்றாள் பெய்-யூ நாலு படி கீழேயிருந்து.

"இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?"

"இங்க நான் ஓடினாத்தான் நடக்குது டாக்டரம்மா. நான் இல்லாமலும் நடக்கணும். அதத்தான் கத்துக்கணும்."

தெருவுக்கு வந்தபோது லாரி கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அதன் எதிரே, நட்டநடுத் தெருவில், கையில் கிண்ணத்தோடு சோயா நின்றுகொண்டிருந்தார்.

"வழிய விடுங்க ஐயா. அடுத்த தெரு காத்திருக்கு," என்று ஓட்டுநர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சூப்பு சூடும்மா. நடந்துக்கிட்டே குடிச்சா நாக்கு வெந்துரும்," என்று சோயா நிதானமாக ஊதிக்கொண்டிருந்தார்.

பைகள் பறந்தன. வாளி கவிழ்ந்தது. கடைசிப் பையும் உள்ளே விழுந்ததும் சோயா ஒரே மடக்கில் குடித்துவிட்டு விலகினார். லாரி பாடிக்கொண்டே போயிற்று. பெய்-யூவுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. பல்லைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"முதல் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லல," என்றார் பல். "நீ போனப்புறம் யாரு?"

பெய்-யூ வெறுங்காலோடு ஈரத் தெருவில் நின்றாள். மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"குழு இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல. நான் மட்டும்தான். நான் போனப்புறம் யாருன்னு எனக்குத் தெரியல."

இறங்கும்போது பெய்-யூ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசல் முக்காலியில் மணியோடு உட்காரவைத்திருந்த துவான் தாத்தாதான் வாயைத் திறந்தார்.

"அந்தக் குண்டு ஆளு பரவாயில்ல. வாளிதான் பிடிக்கத் தெரியல. நாளைக்கும் வருவாரா?"

குழாய் தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். தாத்தாவிடமிருந்து மணியை வாங்கி ஒரு முறை அடித்தார்.

"முடிஞ்சுது," என்றார் பல். "முடிவு தபால்ல வரும்."

அவ்வளவுதான். பெய்-யூ வணக்கம் சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பை மாட்டினாள். உண்மையைச் சொல்லிக் கெட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். மூவரும் சந்து முனை வரை போய்விட்டார்கள். அங்கே குழாய் திரும்பி நின்று கையை வாயருகே குவித்தார்.

"ஏ குப்பை. நாளைக்கு லாரி எத்தன மணிக்கு?"

"ஆறேகால்…" என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"முடிவு இன்னும் எழுதவே இல்ல. அதுக்குள்ள பேரா?" என்று பல் அவரை அதட்டுவது கேட்டது. அதட்டிக்கொண்டே அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

துவான் தாத்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுப் பொண்ண யாருய்யா குப்பைங்கறது?" என்று முக்காலியிலிருந்தபடியே ஊன்றுகோலை ஓங்கினார்.

பெய்-யூ அதைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிய, சிரிப்பு அடங்காமல், "விடுங்க தாத்தா," என்றாள். "அது என் பேரு."