அளவு ஜாக்கெட்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் உடுப்பு விஷயத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கோட்டு தைத்துக் கொடுப்பார்கள். இரண்டு தையல்காரரும் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கிருந்து ஓர் அளவு ஜாக்கெட் போகும், அங்கிருந்து ஓர் அளவுச் சட்டை வரும். நம்பிக்கையின் பேரில் நடக்கிற காரியம்.

எனக்கும் நாசரேத் ஊர்ப் பவுலுக்கும் ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் நிச்சயம் ஆனது. அவர் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய அம்மா கிருபை டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். நிச்சயத்தன்று கேக்கில் முதல் துண்டை என் வாயருகே கொண்டுவந்த டீச்சர், பாதியைப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டு மீதியை ஊட்டினார்.

"போட்டோல எல்லாரும் ஒரு சுத்து கூடத்தான் தெரிவாங்க, என்ன மதினி?" என்றார் என் அம்மாவிடம். "ஆகஸ்டுக்குள்ள பிள்ள கொஞ்சம் கொறஞ்சா நல்லது. எங்க மூத்த மருமக வெள்ளக் கவுன்தான் போட்டா. இவளுக்கும் கவுன்தான். அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்துவிடுங்க."

அம்மா சிரித்த முகமாக உள்ளே போய் ஒரு காகிதப் பையோடு வந்தாள். பையில் என்ன போனது என்பது சாயங்காலம் என் தங்கை ஜெபசுதா பீரோவைக் குடைந்தபோதுதான் தெரிந்தது.

"அம்மா, என் ஊதா ஜாக்கெட் எங்க?"

"நாசரேத்துல."

ஜெபசுதாவுக்கு மார்பளவு முப்பத்திநாலு. எனக்கு நாற்பது. எடை எழுபத்தெட்டு கிலோ.

"ஏளா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றாள் அம்மா. "நாப்பத எப்படிக் குடுத்துவிட? அந்தம்மா விரிச்சுப் பாத்து மூத்தவள்ட்ட காட்டிச் சிரிக்கவா? நாலு மாசம் கெடக்குல்லா. நீ அதுக்குள்ள புகுந்துரு."

"புகல்லேன்னா?"

"கோயில்ல கொக்கி மாட்டாம நிக்கப்போறது நீயா, நானா?"

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலேறும் கண்டெய்னர்களின் எடைச் சீட்டைச் சரிபார்ப்பது என் மேசை. குறைத்து எழுதிக் கொண்டுவருகிற லாரியை எடைமேடையில் ஏற்றினால் ஒரு நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். அப்படிப்பட்டவர்களிடம் நான் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. இப்போது என் பேரிலேயே ஆறு அங்குலம் குறைத்து எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எடைமேடை ஆகஸ்டில் காத்திருந்தது.

மே மாதம் தூத்துக்குடியில் ஜவுளி எடுத்தோம். வெள்ளை சாட்டினும் அதன்மேல் போட வலைத்துணியும் டீச்சர் தேர்ந்தெடுத்தார். கடைக்காரப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்காவுக்கா? ஆறரை மீட்டர் வேணும்," என்றான்.

"நாலரை தாராளம்," என்றாள் அம்மா.

டீச்சர் கண்ணாடியை இறக்கி அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறரையே வெட்டுப்பா. மிஞ்சினா தலகாணி உறை தச்சுக்கிடலாம்."

அன்றிலிருந்து எனக்குக் காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் வெள்ளரிக்காய், மாலையில் அவித்த முட்டையின் வெள்ளை. மஞ்சள் ஜெபசுதாவுக்கு. இருபத்தெட்டு வருடமாக "இன்னும் ஒரு தோசை வச்சுக்கோ" என்று சொன்ன அதே வாயால் அம்மா, "கைய எடு," என்றாள். நிச்சயத்துக்கு வராமல் போனவர்கள் மக்ரூன் டப்பாவோடு வந்தார்கள். நான் ரோச் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வருவதற்குள் வீட்டார் டப்பாவைக் காலி செய்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தினமும் ஏழு மணிக்குப் பவுல் போன் செய்வார்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

"புட்டும் பயறும்." மறுநாள் ஆப்பமும் பாலும். அதற்கு மறுநாள் சீலா மீன் குழம்பு. வாயால் சொல்லிப் பார்த்ததுதான் அந்த நான்கு மாதத்தில் நான் சாப்பிட்ட ராச்சாப்பாடு.

ஆகஸ்டில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு சபை முன்னால் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்கு யாராவது தடை அறிந்திருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் கேட்பார். முதல் ஞாயிறு தடை இரண்டு அங்குலம். இரண்டாம் ஞாயிறு ஒன்று.

"நான் எந்திரிச்சு சொல்லிரட்டுமா?" என்று காதைக் கடித்தாள் ஜெபசுதா.

மூன்றாம் ஞாயிறு காலையில் அவளுடைய இன்னொரு ஜாக்கெட்டின் ஏழு கொக்கியும் எனக்கு மாட்டின. அறுபத்துநாலு கிலோ. அம்மா ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள்.

வியாழக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சரும் பவுலும், தையல்காரர் முத்துக்கனி அண்ணாச்சியும் கவுனோடு வந்தார்கள். உள்ளே போய்ப் போட்டேன். கவுன் என்னைத் தொடாமல் என்னைச் சுற்றி நின்றது. தோள் இரண்டும் முழங்கையை நோக்கி இறங்கின. பின்னால் ஒரு கை துணியை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஜெபசுதா என்னைக் கூடத்துக்குக் கூட்டிவந்தாள்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன மதினி இது? பிள்ளயப் பட்டினியா போட்டீங்க? எந்தச் சீக்காளியக் கட்டிட்டு வாரான்னு சபைல எங்களையில்லா கேப்பாங்க!"

"நான் அளவு ஜாக்கெட் குடுத்தேனே?" என்றாள் அம்மா.

"அது முப்பத்திநாலும்மா," என்றார் முத்துக்கனி அண்ணாச்சி. "டீச்சர்தான் நாப்பதா வச்சுத் தைங்கன்னு சொன்னாங்க."

டீச்சருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "பின்ன? எந்தப் பொண்ணு வீட்ல நெசமான அளவு குடுத்திருக்காங்க? என் கல்யாணத்துக்கு எங்கம்மா என் தங்கச்சி ஜாக்கெட்டத்தான் அனுப்பினா. ஜவுளிக்கடைல ஒங்க பிள்ளய நான் கண்ணாலயே அளந்துட்டேன்."

"அப்ப, கொறையணும்னு நீங்கதான மாமி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது சொல்லுததுதான். மூத்தவள்ட்டயும் சொன்னேன். இவ நெசமாவே கேப்பான்னு யாரு கண்டா?"

பவுலைப் பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"கடைலருந்து வந்த அன்னைக்கே அம்மா சொன்னாங்க."

"தெரிஞ்சிட்டுத்தான் தெனமும் சாப்டாச்சான்னு கேட்டீங்களா?"

"நீ புட்டும் பயறும்னுல்லா சொன்ன?" என்றார் கணக்கு வாத்தியார்.

அதற்குள் பெரியவர்கள் இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். "மூணு நாள் கெடக்கு, நல்லா ஆக்கிப் போடுங்க," என்றார் டீச்சர். "இப்பமே கோழி வாங்கியாரச் சொல்லுதேன் மதினி," என்றாள் அம்மா. என்னைக் குறைக்கச் சொன்ன இருவரும் என்னைப் பெருக்கக் கிளம்பினார்கள்.

"அண்ணாச்சி, டேப்ப எடுங்க," என்றேன்.

"எதுக்கும்மா?"

"என்னைய அளக்க. இதுவரைக்கும் யாரும் அளக்கல."

ஜெபசுதா அளந்தாள். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். கூடத்தின் நடுவில் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள், அண்ணாச்சி எழுதிக்கொண்டார். மார்பு முப்பத்திநாலு என்றபோது அம்மா நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள், தான் எப்போதும் பொய்யே சொல்லாதவள் போல.

"இதுல யார் சொன்னாலும் கூட்டாதீங்க, கொறைக்காதீங்க," என்றேன். அண்ணாச்சி கவுனில் கோத்த பாசிமணியெல்லாம் பிரிக்க வேண்டும் என்று முனகினார். புதன்கிழமை தருவதாக ஒத்துக்கொண்டார்.

கவுனைக் கழற்றிவிட்டு வந்தபோது பவுல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குக் கோட்டு எந்த அளவுல தச்சிருக்கு?"

"நீங்க குடுத்துவிட்ட சட்ட அளவுதான். டீச்சர் குடுத்ததுன்னு எங்கம்மா ஒரு நூல்கூட மாத்த விடல."

பவுல் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முதல் முறையாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அது இவன் காலேஜ்ல போட்ட சட்ட," என்றார். "ஆளப் பாத்தா தெரியாதா? நீங்க கூட்டித் தச்சிருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்!"

கோட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டோம். பொத்தானுக்கும் அதன் துளைக்கும் நடுவே நாலு விரல் இருந்தது. அண்ணாச்சி உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரித்துவிடத் துணி இல்லை என்று கைவிரித்தார். பவுல் மூச்சை இழுத்துப் பிடித்தார். இரண்டு விரலாயிற்று. பிறகு மூச்சு விடவேண்டி வந்தது.

"ஜெபசுதா," என்றேன், "அடுக்களைல கொள்ளுத் தண்ணி இருக்கும். மச்சானுக்கு ஒரு கிளாஸ் கொண்டா."

மறுநாள் ஏழு மணிக்கு நான்தான் போன் செய்தேன். எதிரில் தட்டில் சோறும் சீலா மீன் குழம்பும் இருந்தன.

"சாப்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

அந்தப் பக்கம் எதையோ குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"புட்டும் பயறும்," என்றார்.