செவலைக்கு அரைத்த பருத்திக்கொட்டை

என் மாமனார் தாணுமாலயனுக்குச் சினைமாட்டைப் பார்க்கத் தெரியும். குத்துக்கல்வலசையில் யார் வீட்டுப் பசு சினைப்பட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பருத்திக்கொட்டையை அரைத்துக் கருப்பட்டி போட்டுக் கொடு, மழையில் கட்டாதே, படுத்திருக்கும்போது எழுப்பாதே என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வருவார். பெரிய மனுஷன்!

அந்த வருஷம் எங்கள் செவலைப் பசுவும், என் கொழுந்தன் குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி குழல்வாய்மொழியும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தார்கள். செவலைக்குச் சாரல் படாமல் தொழுவத்தில் சாக்குப் படுதா. குழலிக்கு நடவு வயலில் குனிந்த முதுகு. வீட்டுக்கு வந்தால் அடுப்பு. முதலில் மாமனார், பிறகு அவர் பெற்ற இரண்டு துரைமார், பிறகு வேலையாட்கள். எல்லாரும் தின்று ஏப்பம் விட்ட பிறகு, பானையில் ஒட்டியிருப்பதை மூத்த மருமகள் நானும் இளையவள் அவளும் வழித்துக்கொள்வோம். எருமைப்பாலும் கோழிமுட்டையும் எங்கே போயின என்கிறீர்களா? குற்றாலத்தில் சீசன் அல்லவா! அருவியில் குளித்துவிட்டு வருகிற மகராசர்களுக்குப் பசிக்குமே, பாவம். எல்லாம் அங்கே விலைக்குப் போய்விடும்.

ஒரு நாள் குழலி வரப்பில் மயங்கி விழுந்தாள். தென்காசிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனேன். நர்சம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்ல. பாலும் முட்டையும் கீரையும் குடுங்க. இப்படியே விட்டா பிரசவத்துல தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். மாமனார் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"அடுக்களையிலேயே கெடக்கவளுக்கு என்ன பஞ்சம்? கிண்டும்போதே பாதிய உள்ள தள்ளிருவாளுவ."

குத்தாலிங்கம் செவலைக்கு வைக்கோல் அள்ளக் கிளம்பினான். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆம்பிளைகளாம்!

அடுத்த வாரம் மாமனார் ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினார். செவலையின் தீவனம் குறைகிறதாம். எந்தக் களவாணிப் பயல் என்று பார்த்துவிடுவதாகச் சொல்லி, சாயங்காலம் தொழுவத்தில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய அலறல் கேட்டது. ஓடினேன்.

தீவன வாளிக்குப் பக்கத்தில் குழலி நின்றாள். வாயைச் சுற்றிப் பருத்திக்கொட்டைப் பால் வழிந்திருந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றாள்.

"மாட்டுக்கு வச்சதத் திங்கியே, வெக்கமா இல்ல? சினைமாடுல்லா அது! வாயில்லாச் சீவன் வயித்துல அடிக்கியே!"

எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. அப்போதும் அந்த மனுஷன் கண்ணில் மாடுதான் பட்டது.

"மாமா, இவ வயித்துலயும் பிள்ள இருக்கு. மாட்டப் பாக்கத் தெரியுது, மருமவளப் பாக்கத் தெரியலயோ? நாளைக்கு இவ செத்துப்போனா செவலயா வந்து ஒங்களுக்குப் பொங்கிப் போடும்? தூ!"

அவருக்கு முன்னால் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. குழலியின் கையைப் பிடித்து இழுத்துவந்து மாமனாரின் பலகையில் உட்கார வைத்தேன். அவருடைய கும்பாவிலேயே சோற்றைப் போட்டேன். குற்றாலத்துக்கு எடுத்து வைத்திருந்த முட்டைகளை உடைத்துப் பொரித்து, முருங்கைக்கீரையையும் அள்ளி வைத்தேன். மூன்று ஆண்களும் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள்.

குழலி பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மாமா இன்னும் சாப்பிடலயேக்கா."

"இரிட்டி! அவுக ஒண்ணும் சினையா இல்ல."

சாப்பிட ஆரம்பித்தாள். குத்தாலிங்கம் உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பழையபடி போய் நின்றுகொண்டான். அவனால் ஆனது அவ்வளவுதான். கும்பா காலியானதும் மறுபடி போட்டேன். அதுவும் காலியானது.

"போதுமாட்டி?"

அவள் கும்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தெரியலியேக்கா. போதும்னா எப்படி இருக்கும்?"

பானையைச் சாய்த்து, மிச்சம் இருந்ததையும் அவளுக்கே போட்டேன்.