தொண்ணூறு கிலோ

டெல்சி பதினொரு வருடமாக ஹனோவரில் ஒரு கார்ப் பத்திரிகையில் அளவெடுக்கும் வேலை பார்க்கிறாள். கார்களைப் பற்றி எழுதுபவர்கள் வேறு. அவள் ஓட்டுவாள், அளப்பாள், எண்களைக் குறித்துக் கொடுப்பாள். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி, அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது, வளைவுப் பாதையை எவ்வளவு நேரத்தில் சுற்றி வருகிறது, இவைதான் அவளுடைய வேலை. மன்னாரிலிருந்து ஆறு வயதில் தாய் தகப்பனோடு வந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு கார் திருத்தும் இடத்தில் மூன்றரை வருடம் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்து வேலை பழகினாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

போன வருடம் ஜூன் மாதத்தில் அவளுடைய பத்திரிகை மூன்று கார்களை ஒப்பிட்டு எழுதத் தீர்மானித்தது. மூன்றும் நான்கு கதவுச் சொகுசு கார்கள். மூன்றுக்கும் பந்தயக் காருக்குரிய பலம். ஒன்று மியூனிக்கில் செய்தது, ஒன்று ஸ்டுட்கார்ட்டில் செய்தது, மூன்றாவது அமெரிக்காவின் காடிலாக். ஜெர்மன் கார்கள் இரண்டையும் கம்பெனிகளே கழுவித் துடைத்து, கூடவே பொறியியலாளர்களையும் சேர்த்து அனுப்பிவைத்தன. காடிலாக்கின் அந்த மாதிரி இங்கே கடைகளில் கிடைப்பதில்லை. தேடிப் பார்த்ததில் நகரத்துக்கு வடக்கே அமெரிக்க வண்டிகளை இறக்குமதி செய்து விற்கும் ஒருவரிடம் ஒன்று இருந்தது. அவர் பெயர் ரகுநாதன்.

குறித்த நாளன்று காலை ஏழு மணிக்கே ரகுநாதன் பழைய விமான ஓடுதளத்துக்கு வந்துவிட்டார். அந்த ஓடுதளத்தைத்தான் பத்திரிகை வாடகைக்கு எடுத்துப் பரிசோதனை நடத்துகிறது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். காரை நிறுத்திவிட்டு, வழியில் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தோடு வந்த டெல்சியைப் பார்த்து முதலில் ஜெர்மனில் வணக்கம் சொன்னவர், அவளுடைய சட்டையில் இருந்த தகப்பன் பெயரை வாசித்ததும் தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, நீங்களோ ஓடப் போறியள்?"

"ஓம் அண்ணை. ஏன்?"

"இதுக்குக் கியர் கையாலை போடவேணும். மற்ற ரெண்டும் தானாப் போட்டுக்கொள்ளும். அதுதான் கேட்டனான்."

"நான் லொறி ஓடவும் லைசென்ஸ் எடுத்து வைச்சிருக்கிறன். பயப்பிடாதேங்கோ."

அவர் சிரித்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்துநாலு வருடம் மற்றவர்களின் கராஜ்களில் வேலை செய்திருக்கிறார். அமெரிக்கக் கார் என்றாலே அங்கே ஒரே பகிடிதான். "நேராத்தான் ஓடும், வளையத் தெரியாது எண்டு சொல்லுவாங்கள். சோபாவுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி எண்டுவாங்கள். முந்தி வந்த கார்கள் அப்பிடித்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இது அப்பிடி இல்லைத் தங்கச்சி. இதை ஒருக்கா இவங்கடை பேப்பரிலையே எழுதவேணும். அதுக்குத்தான் கொண்டுவந்தனான்."

பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்தவர் கிராம்ஸ். அறுபதை நெருங்கிய, சத்தமாகப் பேசுகிற மனிதர். கட்டுரையை எழுதப்போகிறவரும் அவர்தான். அன்று மூன்று மணிக்கு மழை என்று வானிலைச் செய்தி சொன்னதால் விடிந்ததிலிருந்தே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அளவெடுக்கும்போது காரில் டெல்சி ஒருத்திதான் இருப்பாள். ஆனால் இரண்டு பேர் போவதாகக் கணக்கு. அதனால் பக்கத்து இருக்கையில் முப்பது கிலோ மணல் மூட்டைகள் மூன்றை அடுக்கிப் பட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். எந்தக் காருக்கும் இதுதான் விதி. மியூனிக் காரையும் ஸ்டுட்கார்ட் காரையும் அப்படித்தான் அன்று காலையில் ஓட்டி அளந்தாள். இரண்டும் மின்மோட்டாரும் சேர்ந்த புதுவகைக் கார்கள். பாரமானவை, ஆனால் மிதித்த கணத்தில் பாய்ந்தன. பிறகு மூட்டைகளைக் காடிலாக்குக்கு மாற்றிக் கட்டி, கை பழகுவதற்காக நாலு சுற்று ஓட்டினாள். கியர்த் தண்டு அவளுடைய கைக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ரகுநாதன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"ஒண்டு கேக்கலாமோ? இந்தக் கார் என்னட்டை ரெண்டு வருஷமா நிக்குது. ஒரு நாளும் முழு வேகத்திலை ஓடிப் பாக்கேல்லை. பயம். ஒருக்கா என்னையும் ஏத்திக்கொண்டு சுத்துவியளோ?"

அளவு எடுக்காத நேரம்தானே என்று டெல்சி நினைத்தாள். "சரி, ஏறுங்கோ."

ரகுநாதனே பட்டியை அவிழ்த்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் இருந்த பழைய ரயர்க் குவியலுக்குப் பின்னால் வைத்தார். இருவரும் புறப்பட்டார்கள். நேர்ப்பாதையின் முடிவில் வேகம் இருநூற்று அறுபதைத் தாண்டியது. வளைவுக்கு முன்னால் அவள் பிரேக்கை மிதித்துக் கியரைக் குறைத்தபோது ரகுநாதன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் கோடு கீறியதுபோல வளைந்து வெளியே வந்தது. "வளையுதடா!" என்று அவர் கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்துநாலு வருடமாகச் சிரித்தவர்கள் எல்லோரையும் பார்த்தாக இருக்கலாம்.

அவர் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் கிராம்ஸ் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்தார். மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "டெல்சி, உடனே தொடங்கு! மழை வந்தால் இன்றைய நாளே வீண்!" டெல்சி தலைக்கவசத்தை மறுபடி மாட்டினாள், கருவியைத் தொடக்கிவிட்டுப் போனாள். ஒன்றேகால் மணி நேரம் வேகம், பிரேக், வளைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக முடித்தாள். கடைசிச் சுற்றில் முதல் துளிகள் விழுந்தன.

எண்களைக் கூட்டிப் பார்த்தபோது கிராம்ஸ் மேசையில் தட்டினார். ஆயிரம் புள்ளிகளுக்கு நடந்த போட்டியில் காடிலாக் ஏழு புள்ளிகளால் முதலிடம். மியூனிக் இரண்டாவது, ஸ்டுட்கார்ட் மூன்றாவது. "முப்பது வருடத்தில் நான் இப்படி ஒன்றை எழுதியதில்லை. அட்டைப்படத்திலேயே போடலாம்!" என்றார். ரகுநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மியூனிக்கிலிருந்து வந்த பொறியியலாளர்களும் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். ரகுநாதன் எல்லோருக்கும் ஜெர்மனில் நன்றி மட்டும் சொன்னார்: "டாங்கே, டாங்கே."

மழை ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்தது. ஐந்து மணிக்கு டெல்சி, பாதையைக் குறிக்க வைத்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வேலியோரம் நடந்தாள். ரயர்க் குவியலுக்குப் பின்னால் மூன்று மூட்டைகளும் நனைந்துபோய்க் கிடந்தன.

கையில் இருந்த கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மதியம் நடந்ததை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. காடிலாக்கை அவள் தொண்ணூறு கிலோ குறைந்த பாரத்தோடு ஓட்டி அளந்திருக்கிறாள். அந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் ஏழு புள்ளி வித்தியாசமும் பெரிதல்ல. மூட்டைகளைத் தூக்கிப் பத்திரிகையின் வண்டியில் போட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்ற எண்ணம் வந்தது. வந்ததை அவள் மறுக்கவில்லை. பிறகு, நாளைக்கு வேறு ஒரு காரை அளக்கும்போது தன் எண்ணைத் தானே நம்பமுடியுமா என்று யோசித்தாள். நம்பமுடியாது என்று தோன்றியது.

முதலில் ரகுநாதனிடம் போனாள். அவர் காருக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ போனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, மூட்டை மூண்டும் வேலிக்குப் பக்கத்திலை கிடக்குது. நான் திரும்பிக் கட்ட மறந்துபோனன்."

அவர் போனை அணைத்தார். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் கண்டனீங்களோ அண்ணை?"

"கண்டனான். நீங்கள் வெளிக்கிடேக்கை நினைவு வந்தது. அது உங்கடை வேலை, ஏதேனும் காரணம் இருக்கும் எண்டு இருந்திட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லை, பொய் சொல்லேலாது. வாய் திறக்க மனம் வரேல்லை."

"நான் கிராம்ஸுக்குச் சொல்லப்போறன்."

"தங்கச்சி, ஒருத்தருக்கும் தெரியாதுதானே. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருக்கா... கார் நல்ல கார்தானே? அதிலை ஒரு பொய்யும் இல்லையே."

"நல்ல கார்தான் அண்ணை. அதுக்காண்டி பாரத்தைக் குறைச்சு அளக்க ஏலாது. பிழை என்ரை. உங்களிலை ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லுறியள்? போய்ச் சொல்லுங்கோ."

அவர் திரும்பிக்கொண்டார்.

கிராம்ஸ் முதலில் அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்தார். பிறகு முகம் சிவந்தது. "பதினொரு வருடத்தில் நீ ஒரு திருகாணியைக்கூட மறந்ததில்லை. இன்றைக்கா? அதுவும் இந்தக் காரிலா? இரண்டு பேரும் ஒரே ஊர்ப் பாஷை பேசுகிறீர்கள். வெளியே போனால் என்ன சொல்வார்கள், தெரியுமா?"

"தெரியும். அதனால்தான் இப்போதே சொல்கிறேன். நாளை காலை பத்து மணி வரை தளம் நம்மிடம்தான். பாதை காய்ந்திருக்கும். மூன்று காரையும் ஆறு மணியிலிருந்து மறுபடி அளக்கிறேன்."

கிராம்ஸ் ஜன்னல் வழியாக ஈரத் தளத்தைப் பார்த்தார். தலைப்பு எழுதி வைத்திருந்த தாளைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஆறு மணி. மூட்டைகளை நானே கட்டுவேன்."

அடுத்த நாள் அவர் சொன்னபடியே கட்டினார். கட்டியதை மியூனிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். டெல்சிக்கு அது சுட்டது. ஆனாலும் காட்டுவதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. ஓட்டுவதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. காடிலாக்கின் கியரை முந்தைய நாளைவிடச் சுத்தமாகவே போட்டாள். ஒன்பதரைக்கு எண்கள் வந்தன. மியூனிக் முதலிடம். நான்கு புள்ளி பின்னால் காடிலாக். ஸ்டுட்கார்ட் அதே மூன்றாமிடம்.

வளைவுப் பாதையில் மட்டும் பாரத்தோடும் காடிலாக்தான் மூன்றிலும் வேகம். டெல்சி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரகுநாதனைத் தேடினாள். அவர் ஏற்கெனவே காரைத் திருப்பியிருந்தார். கண்ணாடியை இறக்கித் தாளை வாங்கினார், பார்த்தார், பக்கத்து இருக்கையில் வைத்தார். "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து டெல்சிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலைநேரத்தில் வெளியாளைக் காரில் ஏற்றியதற்கும் பாரத்தை மறந்ததற்கும். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னபோது அழுகை வந்தது. கடிதத்துக்காக அழவில்லை. ரகுநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போன விதம்தான் மனத்தில் நின்றது.

ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. கிராம்ஸ் கோபக்காரர், ஆனால் எழுத்தில் நேர்மையானவர். அமெரிக்கக் கார்களைப் பற்றி இந்த நாட்டில் சொல்லப்படும் பழைய பகிடியை இனி யாரும் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தார். கையால் கியர் போட்டு ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு மற்ற இரண்டும் பதிலே அல்ல என்றும் எழுதியிருந்தார். கீழே பெட்டிக்குள், முதல் நாள் அளவில் பிழை நேர்ந்ததும் மூன்று கார்களையும் மறுநாள் திரும்ப அளந்ததும் ஐந்து வரியில் இருந்தன. பெயர் போடவில்லை.

செப்டெம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, டெல்சி சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான் ரகுநாதன். சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன் அண்ணை. நீங்கள்?"

"இருக்கிறன். கார் வித்துப் போச்சுது. பிரேமனிலை ஒரு பல் டொக்டர். ரெண்டாவதா வந்த கார் இதுதானோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தவன். நாலு புள்ளி குறைஞ்சதைப் பற்றிக் கவலை இல்லையோ எண்டு கேட்டன். பிழையை ஒத்துக்கொள்ளுற ஆக்கள் வளைவிலை இதுதான் வேகம் எண்டு சொன்னா நம்பலாம் எண்டான்."

டெல்சி மீன்காரரிடம் காசைக் கொடுத்தாள்.

"அண்டைக்கு உங்களோடை ஒழுங்காக் கதைக்கேல்லை," என்றார் அவர். "எனக்குக் கோபம். உங்களிலை இல்லை எண்டு சொல்லமாட்டன், உங்களிலையும்தான். அது போக நாளெடுத்தது."

"பரவாயில்லை அண்ணை."

"சரி, இப்ப ஒரு அலுவல். பிரேமர்ஹாவன் துறைமுகத்துக்கு அதே மாதிரி இன்னொண்டு வந்து நிக்குது. முதல் ஓடினவன் எப்பிடி வைச்சிருந்தான் எண்டு தெரியாது. விக்கிறவன் திறம் எண்டுதான் சொல்லுவான். நான் ஆசையிலை பாத்தா எனக்கும் திறமாத்தான் தெரியும். நீங்கள் ஒருக்கா ஓடிப் பாத்துச் சொல்லுவியளோ? சரியில்லாட்டி சரியில்லை எண்டு சொல்லவேணும்."

மீன்காரர் பையை நீட்டினார். டெல்சி அதை வாங்கிக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள்.

"வாறன் அண்ணை. வாற சனி எனக்கு லீவு. எத்தனை மணிக்கு வெளிக்கிடுவம்?"