பூசைக்கு முன்னால் உட்காரக் கூடாது

மோட்டார் சைக்கிளைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆண்மகன் பினாங்குத் தீவில் ஒருவன்தான் இருந்தான். அவனும் போன வருஷம் செத்துப்போனான். சாகும் நேரத்தில் சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொன்னான் என்று கேள்வி.

மற்ற அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் ஆனந்தராஜாவின் கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள்.

ஆனந்தராஜா எனக்கு மேல்வீட்டுக்காரர். ஆயர் ஈத்தாம் ரோட்டு அடுக்குமாடியில் அவர் ஆறாம் மாடி, முனுசாமியாகிய நான் ஐந்தாம் மாடி. யாழ்ப்பாணத்து வம்சம், ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா. இன்றைக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்றால் வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று மேற்பார்வை செய்வார். அவர் பஸ்ஸில் போகிறவரல்ல, சும்மா பார்த்துவிட்டு வருவார். அவரிடம் ஒரு கார் உண்டு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எடுப்பார். மீதி நாளெல்லாம் அது உறைக்குள் தூங்கும். மகன் கேட்டாலும் எழுப்ப மாட்டார்.

மகன் ஸ்ரீகரன். முப்பது வயது, நல்ல பிள்ளை, பெரிய உடம்பு. எவ்வளவு பெரிது என்று கேட்டால், எங்கள் பிளாட்டின் லிஃப்ட் அவன் தலையைக் கண்டால் தானாகவே 'பழுது' என்ற அட்டையை மாட்டிக்கொள்ளும். ஃபெரியில் அவன் ஏறி இடது பக்கம் நின்றால் மாலுமி மற்ற பயணிகளை வலது பக்கம் போகச் சொல்வான். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்றாலும் சொல்லியிருப்பேன்.

அவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்நேரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸும் கிடையாது, ஃபெரியும் கிடையாது. பாலம் ஒன்றுதான் வழி. சொந்த வண்டி இல்லையென்றால் அந்த நாற்காலி ஹாஃபிஸ் என்கிற இன்னொருவனுக்கு என்று கிடங்கு முதலாளியான தௌக்கே சொல்லிவிட்டான். கார் வாங்க வசதியில்லை. அவனுடைய சேமிப்பில் ஒரு பழைய மோட்டார் வரும், கூடவே ஒரு தலைக்கவசமும் வரலாம். ஆகவே ஸ்ரீகரன் 'எல்' பலகையைக் கழுத்தில் மாட்டாத குறையாக ஓட்டுநர் பள்ளிக்குப் போய்ப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு சாண் அகலப் பலகைமேல் ஓட்டிக் காட்டும் பரீட்சைதான் எல்லாரையும் நடுங்க வைக்கும். இவனைப் பார்த்துப் பலகைதான் நடுங்கியது.

மகனுக்கு மோட்டார் வாங்கும் செய்தி கமிட்டிக்கு எட்டியது. உடனே கூட்டம் போட்டார்கள். வடை சாப்பிட்டார்கள். ஒருவர் சிவப்பு ஆகாது என்றார். இன்னொருவர் வண்டி எண்ணின் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும், எட்டு வந்தால் சனி பின்னால் உட்கார்ந்து வருவான் என்றார். இவன் வண்டியில் சனிக்கு எங்கே இடம் என்று நான் கேட்டேன். அவர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். மூன்றாமவர் இலேசான மோட்டாராக இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்றார். இந்த மூன்றாமவரின் மச்சான் அப்படித்தான் பெட்ரோல் மிச்சம் பிடித்துக்கொண்டு பாலத்தில் போனான். நடுப்பாலத்தில் காற்று அடித்ததில் நேரே இந்தோனேசியாவின் மேடானில் போய் இறங்கினான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நலமாக இருக்கிறான். தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும்.

இத்தனை அறிவாளிகளில் ஒருவர்கூட, ஓட்டப்போகிறவனின் கால் எவ்வளவு நீளம், முட்டி எங்கே இடிக்கும், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி சொன்ன இடத்தில் நிற்குமா என்று கேட்கவில்லை. கமிட்டிகளை நான் அறிவேன். யானை வாங்கப் போனாலும் மணியின் சத்தம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஜெலுத்தோங்கில் மீரா சாகிப்பின் பழைய மோட்டார் கடைக்குப் போனோம். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஜரிகை வேட்டியும் சந்தனமுமாகப் போனது அந்தக் கூட்டம். தட்டுதான் இல்லை. ஆனந்தராஜா ஒரு கப்சாய், அதாவது சின்ன ரக மோட்டாரின் முன்னால் நின்றார். நீல நிறம், பளபளப்பு, சேமிப்புக்கு அடங்கிய விலை, எண்ணைக் கூட்டினால் ஒன்பது. அதன் இடுப்பு ஒரு முருங்கைக்காய்க்கு மேல் இல்லை.

மீரா சாகிப், "ஏறி உக்காந்து பாருங்க தம்பி" என்றார்.

ஆனந்தராஜா கையை நீட்டித் தடுத்தார். "பூசைக்கு முன்னால உட்காரக் கூடாது. எங்க குடும்பத்துல அப்படி ஒரு பழக்கமே இல்ல."

அவர் குடும்பத்தில் அதுவரை யாரும் மோட்டாரே வாங்கியதில்லை. ஆனாலும் பழக்கம் இருந்தது. குமாஸ்தாக்கள் அப்படித்தான், ஆபீஸ் கட்டுவதற்கு முன்பே விதியை எழுதிவிடுவார்கள்.

நான் ஸ்ரீகரனைப் பார்த்தேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. எதிர்க் காப்பிக்கடையில் இருபது பேர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கல்யாணத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருகிறவன் அவன். அப்பா போட்ட தடை அவனுக்கு அன்றைக்குக் குடை மாதிரி இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டான்.

உட்காரக் கூடாது என்றால் ஓட்டவும் கூடாது. ஆகவே கோயில்வரை மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனோம். போனோம் என்றால் ஸ்ரீகரன் தள்ளினான், நான் பக்கத்தில் நடந்தேன், கமிட்டி பின்னால் தலைவரின் காரில் குளிர்சாதனத்தோடு ஊர்ந்து வந்தது. இந்த ஊரில் ஒருவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த மோட்டாரில் வருகிறவன் நிற்பான், "ஏறி உட்காரு, நான் காலால் தள்ளிவிடுகிறேன்" என்பான். வழியில் அஃபிக் என்று சட்டையில் பெயர் எழுதிய உணவு டெலிவரிக்காரன் ஒருவன் நின்றான். அவன் காலை நீட்டுவதற்குள் ஆனந்தராஜா கார் ஜன்னலை இறக்கி, உட்காரக் கூடாது என்று கத்தினார். அவன் மரியாதையாகப் போய்விட்டான். அடுத்து ஒரு சீனப் பெண் நின்றாள். அதற்கும் ஜன்னல் இறங்கியது. ஜெலுத்தோங் ரோட்டில் அன்றைக்கு இருந்த நல்லவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள், அத்தனை பேரும் திட்டு வாங்கினார்கள். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது ஸ்ரீகரன் அரைக் கிலோ இளைத்திருந்தான். அதை அவன் அப்பா பூசையின் பலன் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் தீபம் காட்டினார். "இப்ப ஏறு" என்றார் ஆனந்தராஜா.

ஸ்ரீகரன் ஏறி உட்கார்ந்தான். பின்பக்கம் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. மட்கார்டு டயரின்மேல் படுத்துக்கொண்டது. அவன் முட்டி இரண்டும் கைப்பிடிக்கு மேலே வந்து நின்றன. காதைக் குடைய வேண்டுமென்றால் முட்டியால் குடையலாம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். புகை வந்தது, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது, வண்டி வரவில்லை. இன்னும் திருகினான். எலுமிச்சம்பழம் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து கமிட்டித் தலைவரின் வயிற்றைப் பதம் பார்த்தது. வண்டி கிளம்பியது. கைப்பிடியைத் திருப்பினால் முட்டி இடிக்கும். ஆகவே அது நேராகத்தான் போகும். பிரேக்கைப் பிடித்தான், அந்தப் பிரேக் முருங்கைக்காய்களுக்காகச் செய்தது. செருப்பு வைக்கும் அலமாரிவரை போய், அதன்மேல் சாய்ந்து நின்றது. பக்தர்கள் அன்றைக்கு காலுக்கொரு ஜாதிச் செருப்பில் வீட்டுக்குப் போனார்கள்.

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

ஆனந்தராஜா வண்டியைச் சுற்றி வந்தார். கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மகனிடம், "வண்டியில ஒரு குறையும் இல்ல. நீதான் உடம்பைக் குறைக்கணும்" என்றார். உடனே கமிட்டி பாகற்காயைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஒருவர் பாகற்காய்ச் சாறு என்றார். இன்னொருவர் வறுத்த கொள்ளு என்றார். வயிற்றில் பழம் பட்டவரும் வயிற்றைத் தடவிக்கொண்டே வெந்நீர் என்றார்.

ஸ்ரீகரன் செருப்புக் குவியலிலிருந்து எழுந்தான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"ஒன்னாந்தேதிக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு அப்பா. அதுக்குள்ள நான் பாதி ஆகணும்னா வெட்டித்தான் எடுக்கணும். எந்தப் பாதி வேணும்னு கமிட்டியில கேட்டுச் சொல்லுங்க."

பிறகு சாவியை என்னிடம் நீட்டினான். "அங்கிள், நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் கிராப் டாக்சியில வர்றேன்."

நான் மழையில் நனைந்தால்தான் ஐம்பது கிலோ வருவேன். அந்த நீலக் கழுதை என்னை ராஜா மாதிரி சுமந்துகொண்டு மீரா சாகிப் கடைக்குப் போனது. பின்னாலேயே ஸ்ரீகரனும் வந்து இறங்கினான்.

மீரா சாகிப் பொட்டையும் மாலையையும் பார்த்தார். "பூசை போட்டாச்சு. பொட்டு வச்சுப் போன பொண்ண திருப்பி எடுக்க முடியுமாலா? வேற வண்டி மாத்திக்கங்க, அதுவும் விலை குறைச்சுத்தான் எடுப்பேன்" என்றார். நியாயம் பேசுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவருக்கு நல்ல பயிற்சி. கையோடு ஒரு ராட்சச மோட்டாரைக் காட்டினார். அதை ஓட்ட ஸ்ரீகரனுக்கு வேறு லைசென்ஸ் வேண்டும், வாங்க வேறு அப்பா வேண்டும்.

ஸ்ரீகரன் காப்பிக்கடையைத் திரும்பிப் பார்த்தான். காலையில் இருந்த அதே இருபது பேர். வேலை வெட்டி இல்லாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு சாக்கு. ஸ்ரீகரனின் காதுமடல் சிவந்தது. பிறகு, "ஒவ்வொன்னா உக்காந்து பார்க்கப் போறேன்" என்றான்.

உட்கார்ந்தான். முதல் மோட்டார் உயரம். கால் நுனிதான் தரையைத் தொட்டது, நின்றால் சாய்ந்துவிடும். இரண்டாவது முட்டியை இடித்தது. மூன்றாவது முனகிக்கொண்டே கீழே போனது. காப்பிக்கடையில் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். ஒருவன் கைதட்டினான். ஸ்ரீகரன் கைதட்டியவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததில் ஏறினான். கடையின் இந்த வரிசை முடிந்தது, அந்த வரிசையும் முடிந்தது.

பின்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து ஒரு மோட்டார் நின்றது. கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், ஏற்றிப் போன வண்டி. சாம்பல் நிறம், அல்லது தூசியின் நிறம். பின்னால் தடித்தடியாக இரும்புச் சட்டம். ஒரு பூனை படுத்திருந்தது. ஸ்ரீகரன் பூனையை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான்.

வண்டி இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் மாடி வீடுகளுக்குத் தோம்பு சுமந்த வண்டிக்கு ஒரு ஸ்ரீகரன் பெரிதா? இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. கைப்பிடியை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பினான். முட்டி ஒதுங்கி நின்றது. என்னைப் பின்னால் ஏறச் சொன்னான். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் கிளம்பி, பிரேக்கைப் பிடித்தான். நின்றது. நான்தான் நிற்கவில்லை, அவன் முதுகில் மோதி நின்றேன். மலையில் மோதினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த வண்டி அடுத்த நிமிடமே விற்பனைக்கு வந்தது. அதற்கடுத்த நிமிடம் விலை ஏறியது. பழைய காலத்து இரும்பு, இப்போது கிடைக்காது என்றார் மீரா சாகிப். காலையில் கேட்டிருந்தால் இரும்புக் கடைக்குத் தூக்கிப் போட நம்மிடம் உதவி கேட்டிருப்பார்.

"நீலத்தைக் குடுத்துட்டேன், இதை எடுத்துக்கறேன். மேல ஒன்னும் தரமாட்டேன் அண்ணே" என்றான் ஸ்ரீகரன்.

"முடியாதுலா தம்பி. எறங்குங்க."

"எறங்க மாட்டேன்."

வண்டியை முன்வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, ஷட்டர் இறங்கும் இடத்தில் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டான். மீரா சாகிப் தள்ளிப் பார்த்தார். தன் ஆட்கள் இரண்டு பேரைத் தள்ளச் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் வந்தார். உள்ளே நுழைய வழியில்லாமல் அடுத்த கடைக்குப் போனார். அடுத்து ஒருவர் வந்து அப்படியே போனார். வெயில் சாய்ந்தது. காப்பிக்கடைக்காரர்கள் இப்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் ஸ்ரீகரனுக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான். மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஷட்டரை மூடாமல் மீரா சாகிப்பால் தொழப் போக முடியாது.

"எடுத்துட்டுப் போங்கலா" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஆனந்தராஜா கீழே நின்றிருந்தார். மோட்டாரைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தார், விரலை மடக்கினார். "எட்டு" என்றார். அதற்குப் பூசை கிடையாது, அது தன் கார் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். ஸ்ரீகரன் குப்பைத் தொட்டி ஓரமாக நிறுத்தினான். கமிட்டியும் வந்து பார்த்தது. இதைத்தான் தான் முதலிலேயே சொன்னதாக ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கப் போவதில்லை என்று தெரிந்து சொல்கிற பொய்க்கு ஒரு தனிக் கம்பீரம் உண்டு.

தோம்பு வண்டியில் தினமும் பழகினான். பலகைப் பரீட்சையில் பலகை உடையாமல் தேறினான். ஒன்றாம் தேதி இருட்டோடு கிளம்பிப் போனான். பாலத்தில் அன்றைக்குக் காற்று சுமாராகத்தான் இருந்தது; இரண்டு லாரிகள் அவனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு வந்தன என்கிறான், நான் நம்புகிறேன். கிடங்கில் ஹாஃபிஸ் ஏற்கெனவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். தௌக்கே எழுந்திருக்கச் சொன்னான்.

காலையில் அவன் அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கிடங்கு வாசலில், தௌக்கேயின் கார் பக்கத்தில், அந்தச் சாம்பல் நிற வண்டி. செய்தி ஒன்றும் எழுதவில்லை. ஆனந்தராஜா படத்தை என்னிடம் காட்டவில்லை. நான்தான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். எண்ணைத் தாண்டிப் போய், பின் டயருக்கு வந்து, அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"முனுசாமி, பின் டயர்ல காத்து கொஞ்சம் குறையுது. வந்ததும் அடிக்கச் சொல்லணும்."

அவர் ஜன்மத்தில் ஒரு டயருக்குக் காற்றடித்ததில்லை.