மூடி திறந்திருந்த பெட்டி

மிலோய்காவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்லாவ்னிக் மலையுச்சியில் காரைச் சுற்றி ஏழாவது தடவையாக நடந்தாள். மணி ஒன்பது. பத்து மணிக்குக் கடலுக்கு அப்பால், இருநூறு கிலோமீட்டர் தள்ளி, இத்தாலிக்காரர் ஒத்தாவியோ தன் ஆன்டெனாத் தட்டை இந்தப் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருப்பார். கால் மணி நேரம்தான் கேட்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். போன கோடையில் மிலோய்காவின் டிரான்ஸ்மிட்டர் அறுபது கிலோஹெர்ட்ஸ் விலகி நின்றதால் ஒரு மணி நேரம் வெறும் இரைச்சலைக் கேட்டவர் அவர். இந்தத் தடவையும் தவறினால் மைக்ரோவேவ் கருவிகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடப்போவதாகச் அமெச்சூர் ரேடியோ சங்கத் தலைவர் ராதிவோயும் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் குளிர்காலம் முழுக்க அந்த அதிர்வெண் அளவியைச் செய்தாள். பிஸ்கட் டப்பா அளவு தகரப் பெட்டி. உள்ளே ஒரு மின்னணுச் சில்லு மைக்ரோவேவ் அலையின் அதிர்வெண்ணை வகுத்து வகுத்துச் சின்னதாக்கும். ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலின் சீரான துடிப்பை வைத்துப் பெட்டி அதை எண்ணும். நேற்று மாலை சமையலறையில், தம்பியிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிய துல்லியக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கிரிஸ்டலைச் சரிசெய்தாள். பிறகு டிரான்ஸ்மிட்டரை மாட்டினாள். 10368.100 மெகாஹெர்ட்ஸ் என்று வந்தது, ஒத்தாவியோவிடம் சொல்லிவைத்த அதே எண். அத்தனை சந்தோஷம்.

இப்போது அதே டிரான்ஸ்மிட்டர் 10368.058 காட்டியது.

"நாப்பத்திரண்டு கீழ இருக்கு. மேல ஏத்து," என்றார் ராதிவோய், சாலமி துண்டைக் கடித்தபடி. "உன் டிரான்ஸ்மிட்டருக்குக் குளிர் ஒத்துக்கல. உனக்கும்தான்."

"சும்மா இருங்கண்ணே."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் பம்பரம் மாதிரி சுத்துற."

திருப்புளியை எடுத்தாள். டிரான்ஸ்மிட்டரின் திருகில் வைத்தாள். இன்னொரு கை அளவியின் மேல் ஊன்றியிருந்தது. தகரம் சுட்டது.

கை நின்றுவிட்டது. நேற்றுப் பெட்டி இப்படிச் சுடவில்லை. சுட்டிருக்க முடியாது. மூடிதான் போடவே இல்லையே. மூடி போட்டு, அரை மணி நேரம் சூடாக விட்டு, அதற்கப்புறம்தான் கிரிஸ்டலைத் தொட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பொறுமை இல்லை. எண்ணைப் பார்க்கிற அவசரத்தில் திறந்த பெட்டியிலேயே திருகிவிட்டாள். இன்று மூடிய பெட்டியின் சூட்டில் கிரிஸ்டலின் துடிப்பு மாறியிருக்கும்.

"அண்ணே, பொய் சொல்றது டிரான்ஸ்மிட்டர் இல்ல. மீட்டரா இருக்கும்."

"யாரு செஞ்ச மீட்டர்?"

"நான் செஞ்சதுதான். சிரிக்காம அந்த ஹீட்டரப் போடுங்க."

நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைப் பின் இருக்கையில் எறிந்தாள். வெளியில் காற்று அறைந்தது. அங்கே வைத்தால் எண் ஆடும். நேற்றுச் சமையலறை இருபத்திரண்டு டிகிரி. அளவியையும் டிரான்ஸ்மிட்டரையும் காருக்குள் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றினாள். டாஷ்போர்டில் வெப்பமானி இருபத்திரண்டைத் தொட்டது.

"இனி என்ன?"

"உக்காரணும். இருபது நிமிஷம். அசையக் கூடாது. மூச்சையும் அந்தப் பக்கம் விடுங்க."

அவளுக்குத்தான் அது தண்டனை. முழங்கால் தானாக ஆடியது, கையால் அழுத்திக்கொண்டாள். 070. 083. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. 091. ராதிவோய் கோட்டுக்குள் வியர்த்து வழிந்தார், கதவைத் திறக்கவில்லை. 096. திருப்புளி விரல்களுக்கிடையே அரித்தது. ஏற்றிவிடலாமா? 097. அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம் நின்றது.

மூன்று கிலோஹெர்ட்ஸ். இலேசாக, ஒரு மயிரிழை திருகினாள். 100.

பத்து மணியாக இரண்டு நிமிடம் இருக்கும்போது டிரான்ஸ்மிட்டரைத் தன் ஸ்வெட்டருக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே நிறுத்தியிருந்த தன் ஆன்டெனாத் தட்டுக்கு ஓடினாள். மோர்ஸ் சாவியைத் தட்டி அழைத்தாள். காதில் இரைச்சல். மறுபடி அழைத்தாள். இரைச்சல். மூன்றாம் முறை அதற்கடியிலிருந்து மெலிதாக ஒரு விசில், புள்ளியும் கோடுமாக, அவளுடைய அழைப்புக்குறியைச் சொன்னது.

ராதிவோய் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "இப்பவாவது இறங்கலாமா?"

மிலோய்கா ஒரு கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள். மறு கை எழுதிக்கொண்டிருந்தது.